எஞ்சினை எடுத்தால் போதுமா?

திருவனந்தபுரத்தில் சாலை என்று ஓர் இடம் இருக்கிறது. சாலை என்றதும் ரோடு என்று நினைக்க வேண்டாம். அது ஒரு கடைத்தெருவின் பெயர். கிழக்கேகோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் பக்கம் வரை நீண்டு கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைத்தெரு இது. அன்று சரக்கு மாட்டு வண்டியில் வந்தது. இன்று லாரியில் வருகிறது. தோவாளையில் இருந்து பூ வருகிறது. தமிழ்நாட்டில் இருந்து காய்கறி வருகிறது. அரிசி, பருப்பு, வெங்காயம், இரும்புச் சாமான், பாத்திரம், பொம்மை என்று எல்லாம் இங்கே கிடைக்கும்.

ஆனால் பெரிய லாரி சந்துக்குள் நுழையாது. அங்கேதான் மூன்று சக்கர வண்டி வேலைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் அதை லோடு ஆட்டோ என்பார்கள். கேரளத்தில் பெட்டி ஆட்டோ என்று பெயர். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், முதுகில் ஒரு பெட்டி. பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்தப் பெட்டியை நம்பித்தான்.

டீசல் விலை ஏற ஏற ஓட்டுநர்கள் நடுவே ஒரு பேச்சு வருகிறது.

"அண்ணாச்சி, எஞ்சினைக் கழற்றிப் போட்டுட்டு கரண்ட் மோட்டார் வச்சா என்ன?"

"வைக்கலாமே! எஞ்சின் இருந்த இடம் காலியா இருக்கும். அதுல மோட்டார். மிச்ச இடத்துல பேட்டரி. முடிஞ்சது வேலை!"

வேலை அவ்வளவு சுலபமா? எஞ்சினை எடுப்பது ஒரு நாள் வேலை. மோட்டாரை வைப்பது இன்னொரு நாள் வேலை. ஆனால் வண்டியைத் தாங்குவது எஞ்சினும் அல்ல, மோட்டாரும் அல்ல. அடியில் இருக்கும் சட்டம்தான் தாங்குகிறது. அதற்கு சேஸ் என்று பெயர். கரண்ட் வண்டியைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்து போவது இந்தச் சேஸைத்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சேஸ் என்றால் என்ன?

கட்டிலைப் பாருங்கள். படுப்பது கயிற்றின் மேல். கயிற்றைத் தாங்குவது நான்கு பக்கச் சட்டம். சட்டம் உடைந்தால் புதுக் கயிறு போட்டும் பயன் இல்லை. வண்டிக்கும் அப்படித்தான். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் இரண்டு நீண்ட இரும்புச் சேனல்கள் தெரியும். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் தெரியும். பெட்டி ஆட்டோவில் இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். மடித்த தகடும் குழாயும் சேர்த்து வெல்டிங் வைத்த கூடு அது. எஞ்சின், சக்கரம், ஸ்பிரிங், இருக்கை, பெட்டி எல்லாம் இதில்தான் மாட்டப்பட்டிருக்கும்.

வண்டி செய்யும் கம்பெனி இந்தச் சேஸை ஒரு கணக்குப் போட்டுச் செய்கிறது. எஞ்சின் இத்தனை கிலோ, அது இந்த இடத்தில் உட்காரும், இப்படி அதிரும். டேங்க் இங்கே, ஓட்டுநர் இங்கே, சரக்கு இங்கே. கணக்கு முடிந்த பிறகுதான் எந்த இடத்தில் தகடு கனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். எஞ்சினை எடுத்தால் அந்தக் கணக்கு கலைந்து போகிறது. புதுக் கணக்கு போட வேண்டும்.

கையில் அடங்கும் லாரி

இந்தப் புதுக் கணக்கை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு சின்ன லாரி உதவும். ரிமோட் கண்ட்ரோல் லாரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றே ஓட்டுவார்கள். பொம்மைக் கடையில் கிடைப்பது சாதாரண வகை. பொழுதுபோக்குக்காகப் பெரியவர்களே வாங்கி ஓட்டும் வகை ஒன்றும் உண்டு. அது உண்மையான லாரியைப் போலவே செய்யப்பட்டது. ஸ்பிரிங் உண்டு, கியர் உண்டு, சேஸ் உண்டு. நான்கைந்து கிலோ எடை இருக்கும். அதில் சில வகைகளில் உண்மையான எஞ்சினே உண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய எஞ்சின். மெத்தனால் கலந்த எண்ணெயில் ஓடும். புகையும் விடும். சத்தம் காதைப் பிளக்கும்.

இந்தச் சின்ன லாரியை ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்.சி. என்பார்கள். நம் ஓட்டுநர்களுக்கு ஆர்.சி. என்றால் வண்டியின் பதிவுப் புத்தகம். இரண்டும் வேறு. ஆனால் இந்தக் கட்டுரையில் இரண்டுக்குமே வேலை இருக்கிறது.

அமெரிக்காவின் டிராக்சஸ் கம்பெனி 1999ஆம் ஆண்டு டி-மேக்ஸ் என்ற எஞ்சின் லாரியைக் கொண்டு வந்தது. பிறகு அதே குடும்பத்தில் இ-மேக்ஸ் என்ற மின்சார லாரி வந்தது. எச்.பி.ஐ. என்ற கம்பெனி 2002ஆம் ஆண்டு சாவேஜ் என்ற எஞ்சின் லாரியை விற்றது. 2009ஆம் ஆண்டு அதற்கும் ஒரு மின்சாரத் தம்பி பிறந்தது. கம்பெனி செய்யும் வரை பலர் காத்திருக்கவில்லை. வீட்டிலேயே எஞ்சினைக் கழற்றி மோட்டார் வைத்தார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது.

எஞ்சின் ஒரே கட்டியாக ஓர் இடத்தில் உட்காரும். அதற்கென்று சேஸ் தகட்டில் ஓட்டை வெட்டி இருக்கும். மோட்டார் சின்னது. அந்த ஓட்டையில் உட்காராது. பேட்டரியோ நீளமானது, கனமானது. அதை வைக்க இடமே இல்லை. முதலில் டேங்க் இருந்த இடத்தில் பேட்டரியை வைத்துக் கட்டினார்கள். டேங்க் ஒரு பக்கமாக இருந்தது. பேட்டரி டேங்கைவிடக் கனம். லாரி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது. திருப்பத்தில் உருண்டது. சிலர் பேட்டரியை மேலே வைத்துக் கட்டினார்கள். அதுவும் உருண்டது.

அதன் பிறகு ஒரு வழி பிடிபட்டது. பழைய சேஸில் பேட்டரிக்கு இடம் தேடுவதை விட்டார்கள். பேட்டரிக்கு இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுற்றிப் புதுச் சேஸ் செய்தார்கள். இ-மேக்ஸ் லாரியில் இரண்டு பேட்டரிகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கழுதையின் முதுகில் இரண்டு பக்கமும் பொதி வைப்பது போல.

அவர்கள் சேஸ் செய்யும் முறையைக் கேளுங்கள். முதலில் ஒரு கெட்டி அட்டை. பழைய சேஸை அட்டை மேல் வைத்து, சக்கரங்களைத் தாங்கும் பாகங்களின் ஓட்டைகளை மட்டும் அப்படியே குறித்துக்கொள்வார்கள். சக்கரத்தின் இடம் மாறக் கூடாது. மாறினால் வண்டி நேராக ஓடாது. பிறகு பேட்டரி, மோட்டார், கண்ட்ரோலர் எல்லாவற்றையும் அட்டை மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். கண்ட்ரோலர் என்பது மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பெட்டி. எல்லாம் பொருந்திய பிறகுதான் அலுமினியத் தகட்டில் கை வைப்பார்கள். தையல்காரர் துணியை வெட்டும் முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது இல்லையா? அதே முறைதான்.

மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் வண்டியின் பெரிய பல்சக்கரமும் சரியாகக் கடிக்க வேண்டும். இறுக்கிக் கடித்தால் சூடேறித் தேயும். தள்ளி நின்றால் பல் உடையும். இதற்கு ஒரு நல்ல வித்தை இருக்கிறது. இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சின்னக் காகிதத் துண்டை வைப்பார்கள். மோட்டாரை அழுத்தி போல்ட்டை முறுக்குவார்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். காகிதம் இருந்த அளவுக்கு இடைவெளி கிடைத்துவிடும். காலணா செலவு இல்லாத அளவுகோல்! இப்படி நகர்த்தி வைக்க வசதியாக, மோட்டாரைத் தாங்கும் தகட்டில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக நீள ஓட்டை போடுவார்கள்.

கடைசியில் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு வைத்து எடை பார்ப்பார்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்றால் பேட்டரியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள்.

சின்ன லாரி உருண்டால் ஒரு சக்கரம் போகும். பெட்டி ஆட்டோ உருண்டால்? ஆகையால் சின்ன லாரியில் கற்றதைப் பெரிய வண்டிக்குக் கொண்டு வருவோம்.

இரண்டு பேர் தூக்கும் கம்பு

சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குவோருக்கு இந்தக் கணக்கு புத்தகம் இல்லாமலே தெரியும். இரண்டு பேர் தோளில் ஒரு கம்பு. கம்பில் 100 கிலோ மூட்டை தொங்குகிறது. முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவே 200 சென்டிமீட்டர் தூரம். மூட்டை சரியாக நடுவில் இருந்தால் ஆளுக்கு 50 கிலோ.

மூட்டையைப் பின்னால் நகர்த்துங்கள். பின்னவரின் தோளுக்கு 50 சென்டிமீட்டர் முன்னால் இருக்கட்டும். இப்போது பின்னவருக்கு 75 கிலோ. முன்னவருக்கு 25 கிலோதான்.

கம்பு பின்னவரின் தோளைத் தாண்டியும் நீட்டிக்கொண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டையைத் தோளுக்குப் பின்னால் 50 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் என்ன ஆகும்? முன்னவர் பக்கம் கம்பு மேலே எழும்பும். அவர் 25 கிலோ பலத்தோடு கம்பைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னவரின் தோளில் 125 கிலோ இறங்கும். மூட்டை அதே 100 கிலோதான். இடம்தான் மாறியது.

பெட்டி ஆட்டோவில் முன்னவர் யார்? முன்சக்கரம். பின்னவர் யார்? பின்சக்கரங்களின் ஆக்சில். கம்பு எது? சேஸ். மூட்டை எது? பேட்டரி.

பல பெட்டி ஆட்டோக்களில் எஞ்சின் பின்சக்கரங்களை ஒட்டியே இருக்கும். "எஞ்சின் இருந்த இடத்தில் பேட்டரி" என்று வைத்தால், பல நேரம் அது ஆக்சிலுக்குப் பின்னால் போய்விடும். அதன் மேல் சரக்கும் ஏற்றுகிறோம். ஏற்றத்தில் போகும்போது எடை இன்னும் பின்னால் சாயும். திருவனந்தபுரத்தில் ஏற்ற இறக்கம் இல்லாத ரோடு குறைவு. முன்சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன்சக்கரம் தூக்கிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் பேட்டரியை நன்றாக முன்னால் கொண்டுபோய் வைத்துவிடலாமா? அதுவும் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

தரையில் ஒரு முக்கோணம்

ஒரு சாக்கட்டியை எடுங்கள். வண்டியின் மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். மூன்றையும் கோட்டால் இணையுங்கள். ஒரு முக்கோணம் வரும். முன்பக்கம் கூர். பின்பக்கம் அகலம். வண்டியின் மொத்த எடையும் இந்த முக்கோணத்துக்குள் இறங்க வேண்டும். வெளியே போனால் வண்டி கவிழும்.

வண்டி வளையும்போது எடை வெளிப்பக்கம் தள்ளப்படும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது நாம் சாய்வது போலத்தான். முக்கோணத்தின் பின்பகுதி அகலம். அங்கே எடை இருந்தால் கொஞ்சம் தள்ளப்பட்டாலும் கோட்டுக்குள்ளேயே நிற்கும். முன்பகுதி குறுகல். அங்கே எடை இருந்தால் சீக்கிரம் கோட்டைத் தாண்டிவிடும். நான்கு சக்கர வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. மூன்று சக்கரத்துக்கு இதுதான் பெரிய தொல்லை.

இன்னொன்று, உயரம். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும், தலையில் மூன்று குடம் அடுக்கி நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எடை உயரே போகப் போகத் தள்ளாட்டம் அதிகம். பேட்டரியைப் பெட்டிக்குள்ளே, சரக்கோடு சரக்காக வைத்தால் என்ன ஆகும்? சரக்கு வைக்கும் இடம் குறையும். மூட்டைகளை மேலே மேலே அடுக்குவார்கள். எடை உயரே போகும். வளைவில் வண்டி சாயும்.

வீட்டில் பிள்ளைகளின் பொம்மை ஆட்டோ இருந்தால் சோதித்துப் பாருங்கள். மூன்று சக்கரப் பொம்மையாக இருக்க வேண்டும். அதன் கூரையில் ஒரு கல்லை நூலால் கட்டி, ஒரு பலகையில் குறுக்கே நிறுத்துங்கள். பலகையை மெதுவாகச் சாயுங்கள். எப்போது கவிழ்கிறது? அதே கல்லை அடிப்பக்கம், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டுங்கள். மறுபடி சாயுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

ஆக, பேட்டரிக்கு நல்ல இடம் எது? பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால். சரக்குத் தட்டுக்குக் கீழே. இடமும் வலமும் சமமாக. சேஸ் சட்டங்களுக்கு நடுவே. வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால், பக்கத்தில் இருந்து இன்னொரு வண்டி இடித்ததும் முதல் அடி பேட்டரிக்குத்தான் விழும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

ஓட்டை போடும் இடம்

பேட்டரிக்குப் புதுத் தொட்டில் கட்ட வேண்டும். தொட்டிலைச் சேஸில் மாட்ட வேண்டும். பட்டறையில் டிரில்லை எடுத்ததும் கை போன இடத்தில் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து.

பச்சைத் தென்னை மட்டையை இரண்டு முனையிலும் தாங்கி வைத்து, நடுவில் மிதியுங்கள். அடிப்பக்கத்து நார் இழுபட்டுப் பிளக்கும். மேல்பக்கத்து நார் நசுங்கும். நடுவில் இருக்கும் நாருக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. இரும்புச் சேனலும் அப்படித்தான். சுமை ஏறும்போது அதன் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் அதிகம் வேலை செய்கின்றன. நிமிர்ந்து நிற்கும் பக்கத் தகட்டின் நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆகவே ஓட்டை போடுவதானால் பக்கத் தகட்டின் நடுவில் போட வேண்டும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் போடக் கூடாது. ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் ஓட்டையில் இருந்து மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கும்.

வெட்டுகிற மூலைகளையும் கவனிக்க வேண்டும். துணியில் கூரான வெட்டு விட்டால் அங்கிருந்தே கிழியும். தகட்டிலும் கூரான மூலையில் இருந்துதான் விரிசல் ஓடும். மூலையை வட்டமாக வெட்டினால் ஓடாது.

வெல்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்டிங் வைத்த இடம் கெட்டி என்று நினைக்கிறோம். பற்று கெட்டிதான். ஆனால் அதை ஒட்டி இருக்கும் இரும்பு சூடேறி ஆறியதால் குணம் மாறி இருக்கும். பற்று முடியும் முனையில்தான் முதலில் விட்டுப்போகும். அதனால் முடிந்தவரை போல்ட் போட்டு, அடியில் ஒரு கனத்த தகடும் வைத்துச் சுமையைப் பரவலாக இறக்குவது மேல். பேட்டரியை மாட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் வெல்டிங் வைப்பது பைத்தியக்கார வேலை.

மோட்டாரின் குணம் வேறு

டீசல் எஞ்சின் உதறும். கிளட்சை மெதுவாக விட்டால்தான் வண்டி நகரும். மோட்டார் உதறாது. நல்ல செய்தி. ஆனால் கைப்பிடியைத் திருகிய உடனே முழு பலத்தோடு இழுக்கும். ஒரு பக்கம் சக்கரத்தைத் திருகும்போது, மறுபக்கம் அதே பலத்தோடு சேஸையும் திருகப் பார்க்கும். மோட்டாரைத் தாங்கும் தகடு மெலிதாக இருந்தால் நெளியும். பல்சக்கரங்கள் விலகும். நல்ல கண்ட்ரோலரில் இந்த இழுப்பை மெதுவாக்க வழி உண்டு. அதைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மழையையும் மறக்கக் கூடாது. தம்பானூர், கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பெருமழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஊருக்கே தெரியும். பேட்டரி தாழ்வாக இருக்க வேண்டும் என்றோம். தாழ்ந்தால் தண்ணீர் தொடும். என்ன செய்வது? தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். பேட்டரிப் பெட்டியில் ஐ.பி. 67 என்று எழுதி இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாதபடி உள்ளே தண்ணீர் புகாது என்று பொருள். இந்த எண்ணை நீங்களே தேடிப் படிக்கலாம்.

முதலில் இருந்தே செய்தவர்கள்

பழைய வண்டியை மாற்றாமல், மின்சாரத்துக்கு என்றே சேஸ் செய்தவர்களும் நம் நாட்டில் உண்டு. 2001ஆம் ஆண்டு பெங்களூரில் இருந்து ரேவா என்ற சின்னக் கார் வந்தது. இரும்புக் குழாய்களால் ஒரு கூடு. முன் இருக்கைக்கு அடியில் எட்டு பேட்டரிகள். கனமான பொருள் வண்டியின் நடுவில், தாழ்வாக இருந்தது. பேட்டரிக்கு இடம் வைத்துவிட்டுத்தான் காரையே வரைந்தார்கள்.

சாலைக் கடைத்தெருவுக்கு அருகிலேயே இன்னொரு கதை உண்டு. நெய்யாற்றின்கரைக்கு அருகே ஆறாலும்மூட்டில் கேரளா ஆட்டோமொபைல்ஸ் என்ற அரசு நிறுவனம் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மூன்று சக்கர வண்டிகள் செய்த இடம் அது. பெட்டி ஆட்டோவும் செய்தது. 2019ஆம் ஆண்டு அது நீம் ஜி என்ற மின்சார ஆட்டோவைக் கொண்டு வந்தது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கூடத்தில் தேறிய பிறகுதான் அது ரோட்டுக்கு வந்தது. டீசல் ஆட்டோவை வருடக்கணக்காகச் செய்து பழகிய நிறுவனமே சோதனைக்குக் கொண்டுபோய் நிற்க வேண்டி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையை நாம் எப்படி நம்புவது?

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டீசலில் இருந்து மின்சாரத்துக்கு மாற்ற வேண்டுமானால், சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற கிட் வேண்டும். கிட் என்றால் மோட்டார், பேட்டரி, கண்ட்ரோலர், அவற்றை மாட்டும் தகடுகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. எந்த மாடல் வண்டிக்கு அந்த கிட் சோதிக்கப்பட்டதோ அந்த மாடலுக்குத்தான் செல்லும். இதற்கான விதித்தொகுப்பின் பெயர் ஏ.ஐ.எஸ். 123. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் ஒரு சோதனைக் கூடம் இருக்கிறது. ஒப்புதல் தாளில் கூடத்தின் பெயரும் எண்ணும் இருக்கும்.

மாற்றிய பிறகு 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்பதை மாற்றி எழுத வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த அன்று "இந்த வண்டி எங்கள் தாளில் இல்லை" என்று அவர்கள் கை விரிக்கலாம். வண்டியும் போய், கடனும் நின்று, அடிபட்டவருக்கு நஷ்ட ஈடும் நம் தலையில் விழும்.

ஆர்.சி.யில் இரண்டு எண்கள்

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, சரக்கு இல்லாத வெறும் வண்டியின் எடை. இன்னொன்று, சரக்கோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. பெரிய எண்ணில் இருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள். ஓட்டுநரும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோ என்பது வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. மொத்த எடை 970 கிலோ. வெறும் வண்டி 440 கிலோ. கழித்தால் 530 கிலோ. எஞ்சின், டேங்க், சைலன்சர் எல்லாம் கழற்றினால் 90 கிலோ குறையும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார், லித்தியம் பேட்டரி, தொட்டில் எல்லாம் சேர்த்து 150 கிலோ ஏறட்டும். வெறும் வண்டி இப்போது 500 கிலோ. மொத்த எடை கூடாது. ஏனென்றால் சேஸும் பிரேக்கும் ஸ்பிரிங்கும் அதே பழையவைதான். ஆக 970இல் 500 போனால் 470. ஒவ்வொரு நடையிலும் 60 கிலோ குறைகிறது. ஒரு 50 கிலோ அரிசி மூட்டைக்கும் மேலே.

லித்தியத்துக்குப் பதில் ஈயப் பேட்டரி போட்டால் விலை குறையும். ஆனால் கனம் கூடும். 150க்குப் பதில் 220 கிலோ ஏறினால் வெறும் வண்டி 570. மிச்சம் 400. இப்போது ஒவ்வொரு நடையிலும் 130 கிலோ நஷ்டம். டீசல் செலவில் மிச்சமாவதையும், நடை ஒன்றுக்குக் குறையும் கூலியையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

மாற்றிய வண்டியை வாங்கிக்கொள்ளும் நாளில் எடை மேடைக்குப் போங்கள். லாரிகளை நிறுக்கும் மேடைதான். முதலில் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து முழு வண்டியையும் ஏற்றுங்கள். பிறகு பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி முன்னால் நகர்த்துங்கள். முன் எடையையும் பின் எடையையும் கூட்டினால் ஏறக்குறைய முழு எடை வர வேண்டும். சரக்கை ஏற்றிக்கொண்டும் ஒரு தடவை இதே மாதிரி செய்யுங்கள். சரக்கு ஏற்றிய பிறகு முன்சக்கரத்தின் எண் வெறும் வண்டியில் இருந்ததைவிடக் குறைந்து போயிருந்தால், பெட்டியின் எடை ஆக்சிலுக்குப் பின்னால் விழுகிறது என்று பொருள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, வண்டியை அப்படியே மாற்றிக் கொடுத்தவரிடம் திரும்பக் கொண்டு போங்கள்.